கோத்தகிரியில் அவரை உதக்கா எந்தக் கடையில் கிடைக்கும்?

கோத்தகிரியைப் பெரும்பாலோர் பார்ப்பது மலை இறங்கும்போதுதான். கோடை சீசனில் ஊட்டிக்குப் போகும் வண்டிகளைக் குன்னூர் வழியாக ஏறவிட்டு, கோத்தகிரி வழியாக இறங்கவிடுவார்கள். படகு ஓட்டி, குதிரை ஏறி, சாக்லேட் வாங்கிக் களைத்த கூட்டம் இந்த ஊரைக் கடக்கும்போது பாதிப்பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். மீதிப்பேர் வாந்திக்குப் பயந்து எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருப்பார்கள். அந்த வகையில் ஊர் தப்பித்தது.

நான் திருப்பூர்க்காரி. பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஜனவரி கடைசியில் ஒரு சனி, ஞாயிறு கையில் சிக்கியதும் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவள் கோவையில் தாவரவியல் படிக்கிறாள்; எந்தச் செடியைப் பார்த்தாலும் நின்றுவிடுவாள். எனக்கு நடக்கவும் சாப்பிடவும் வேண்டும், அவளுக்கு நிற்க வேண்டும். இந்த ஏற்பாடு இருவருக்கும் சரிப்பட்டது.

போனதற்கு ஒரு குறிப்பான காரணமும் உண்டு. கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி கோத்தகிரிப் பக்கத்துப் பெண், நீலகிரி மலையில் வாழும் படுகர் சமூகத்தைச் சேர்ந்தவள். ஊர்த் திருவிழாவுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ஒரு தூக்குப் போசியில் அவரைக் குழம்பு கொண்டுவருவாள். அவர்கள் அதை உதக்கா என்பார்கள். கூடவே துப்பதிட்டு என்று நெய்யில் பொரித்த பண்டம் ஒன்றும் வரும். விடுதிச் சாம்பாரில் நாக்குச் செத்துப்போயிருந்த எங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதை அந்த மலையிலேயே, சுடச்சுட, ஒரு கடையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

வெள்ளி மாலை மேட்டுப்பாளையத்தில் அரசு பஸ் ஏறினோம். கோத்தகிரிக்கு ஏறத்தாழ 33 கிலோமீட்டர்தான், ஆனால் சமவெளியிலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்துக்கு ஏற வேண்டும். குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் கார்களை வரிசையாக நிறுத்தி இ-பாஸ் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இது கட்டாயம். பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. குஞ்சப்பனை பலாவுக்குப் பெயர்போன இடம். பழம் பழுக்கும் மாதங்களில் யானைகளும் வாசம் பிடித்து வந்துவிடும். நாங்கள் போனது பலா சீசன் இல்லை என்பதால் சாலையில் குரங்குகள் மட்டும்தான். மாமரம், முள்ளூர், தட்டப்பள்ளம், அரவேணு என்று நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஜன்னல் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தன. கோத்தகிரியில் இறங்கியபோது பல் தந்தியடித்தது.

லாட்ஜில் பையைப் போட்டுவிட்டுச் சாப்பிடக் கிளம்பினோம். கடைவீதியில் எல்லாம் கிடைத்தது: புரோட்டா, பிரியாணி, சில்லி சிக்கன், நெய் ரோஸ்ட், ஃப்ரைடு ரைஸ். மேட்டுப்பாளையத்தில் என்ன உண்டோ அதுவே இங்கும், கொஞ்சம் சீக்கிரம் ஆறிப்போகும், அவ்வளவுதான். ஒரு கடையில் கல்லாவில் இருந்த பெரியவரிடம் அவரை உதக்கா கிடைக்குமா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அது வீட்டுச் சமையல் ஆச்சே. யாராவது கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியென்றால் தோசை சாப்பிடுங்கள்" என்றார்.

தோசை சாப்பிட்டோம்.

சனிக்கிழமை விடிந்ததும் முதல் வேலை வர்க்கி. ஊட்டி வர்க்கி என்று பெயர் இருந்தாலும் நீலகிரி முழுக்கச் சுடுகிறார்கள். 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பேருந்து நிலையத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு பேக்கரியின் பின்கட்டில் அடுப்பு எரிவது தெரிந்தது. எட்டிப் பார்த்தால் திட்டுவார்களோ என்று தயங்கினேன். உள்ளே வரச் சொல்லிவிட்டார்கள். வர்க்கியின் சூட்சுமம் மாவா என்கிற புளித்த கலவையில் இருக்கிறது. வாழைப்பழம், மைதா, ரவை, சர்க்கரை எல்லாம் சேர்த்து முதல்நாளே பிசைந்து புளிக்க விடுவார்கள். ஈஸ்ட் செய்கிற வேலையை அது செய்துவிடும். அதை மாவோடு சேர்த்துப் பிசைந்து, மேசை முழுக்கப் பரப்பி, கொழுப்பு தடவி, மடித்து, மறுபடி இழுத்து, மறுபடி மடிக்கிறார்கள். பனியன் போட்ட ஒருவர் அந்தக் குளிரிலும் வியர்வை வழிய மாவை இழுத்துக்கொண்டிருந்தார். பிறகு கையாலேயே கிள்ளிக் கிள்ளித் தட்டில் வைத்தார். அளவெல்லாம் விரல்தான். ஒரு வர்க்கியைப்போல இன்னொன்று இல்லை. விறகு அடுப்பின் வாய்க்குள் நீளத் துடுப்பால் தட்டுகளைத் தள்ளினார்கள்.

சூடாக எடுத்த வர்க்கி ருசிக்காது என்று அவரே சொன்னார். ஆறி மொறுமொறுப்பு ஏற வேண்டும். எங்களுக்கு முந்தைய சுற்றில் வெந்ததைக் கொடுத்தார்கள். டீயில் நனைத்துச் சாப்பிடுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. தொட்டவுடன் எடுத்தால் நடுவில் நனையாது. கொஞ்சம் தாமதித்தால் அடுக்கு அடுக்காகப் பிரிந்து கிளாஸின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு ஸ்பூன் கேட்க வேண்டும். அக்கா மகள் ஸ்பூன் கேட்டாள். டீ, மலையில் விளைந்த தூள்தான், ஆனால் ஊரில் நாம் குடிக்கிற அதே திடமான சி.டி.சி. டீ, அதாவது இலையை நசுக்கிக் குருணையாக்கிய தூள். இங்கே வந்தால் ஏதோ அபூர்வமான டீ டீக்கடையில் கிடைக்கும் என்று நினைப்பவர்கள் நினைப்பை மாற்றிக்கொள்ள வேண்டும்.

அதன்பிறகு லாங்வுட் சோலை. தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் இதுவும் ஒரு பாதை. மாநிலம் முழுக்க 40 பாதைகள். ஆன்லைனில் முன்பதிவு செய்தால் உள்ளூர் இளைஞர் ஒருவர் வழிகாட்டியாக வருவார். லாங்வுட் எளிய பாதை, மூட்டு வலிக்காரர்களும் போகலாம். கால் வலுவுள்ளவர்களுக்குக் கரிக்கையூரிலிருந்து ரங்கசாமி முடிக்கு ஏறும் பாதை இருக்கிறது. பழைய பாறை ஓவியங்கள் உள்ள பொறிவரை என்ற இடத்துக்கும் அதே கரிக்கையூரிலிருந்து ஒரு பாதை உண்டு. அந்த ஓவியங்களின் மேல் பெயர் கிறுக்கிவைத்த புண்ணியவான்களும் நம் ஆட்கள்தான். கட்டுப்பாடில்லாமல் யாரும் போகலாம் என்று விட்டதன் பலன் அது. வழிகாட்டி இல்லாமல் போகக்கூடாது என்ற விதியைப் பற்றி முணுமுணுப்பவர்கள் ஒருமுறை அந்தப் பாறையைப் பார்த்துவிட்டு வந்து முணுமுணுக்கட்டும்.

லாங்வுட் ஊரை ஒட்டியே இருக்கிறது. சுற்றிலும் தேயிலை, வீடுகள், சாலை. நடுவில் 116 ஹெக்டேர் காடு. 2024 ஜனவரியில் ராம்சர் தலமாக அறிவித்தார்கள். சதுப்பு நிலங்களுக்குத் தரும் அங்கீகாரம் காட்டுக்கு எதற்கு என்று நான் கேட்டதற்கு, வழிகாட்டித் தம்பி குனிந்து தரையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மழை ஓய்ந்து வாரக்கணக்கில் ஆகியும் இலைச் சருகுக்கு அடியில் மண் ஈரமாக இருந்தது. விரலை அழுத்தினால் உள்ளே இறங்கியது. கொஞ்சம் தள்ளி அந்த ஈரமே கசிந்து, கால்விரல் அகலத்துக்கு ஓர் ஓடையாக ஓடத் தொடங்கியிருந்தது. கீழே உள்ள ஊர்கள் பலவற்றுக்கு இதுதான் தண்ணீர். ஒரு காலத்தில் விறகுக்கு வெட்டி வெட்டி இதை மொட்டையடித்துக்கொண்டிருந்தார்கள் என்றும், உள்ளூர்க்காரர்களே காவல் குழு அமைத்துக் காப்பாற்றினார்கள் என்றும் அவர் சொன்னார். குழாயில் தண்ணீர் நின்றுபோனால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் காட்டைக் காக்கத்தான் செய்வார்கள்.

உள்ளே வெளிச்சம் வேறு. மரங்கள் உயரமாக இல்லை, ஆனால் முறுக்கிக்கொண்டு, தண்டெல்லாம் பாசி பிடித்து, மேலே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்கின்றன. அக்கா மகள் ஒரு பெரணியின் முன் மண்டியிட்டுவிட்டாள். "சித்தி, இந்த இலையின் பின்பக்கத்தைப் பாருங்கள்" என்று புரட்டிக் காட்டினாள். பழுப்புப் புள்ளிகள் வரிசை வரிசையாக, யாரோ ஊசியால் தைத்ததுபோல இருந்தன. அதற்குள் புதரிலிருந்து பெரிய சிரிப்புச் சத்தம். நீலகிரி சிரிப்பான்! உலகத்தில் இந்த மலைப்பக்கம் தவிர வேறெங்கும் இல்லாத பறவை. கூட்டமாகக் கத்தும், ஆனால் முகத்தைக் காட்டாது. அவள் பைனாகுலரைத் தூக்கும்போதெல்லாம் இடம் மாறிக்கொண்டிருந்தது. கடைசியில் கண்ணுக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோடும் செம்பழுப்பு வயிறுமாக ஒன்று கிளை நுனியில் வந்து உட்கார்ந்தது. அவள் வாயை மூட வெகுநேரம் ஆயிற்று.

இந்தப் பறவைகளைப் பற்றி ஒரு செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோத்தகிரியில் வாழ்ந்த மார்கரெட் காக்பர்ன் என்ற பெண்மணி நீலகிரிப் பறவைகளை வண்ணத்தில் வரைந்திருக்கிறார். அந்தப் படங்கள் இப்போது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவர்தான் இந்த ஊரில் முதன்முதலில் தேயிலைத் தோட்டம் போட்டவர்களில் ஒருவர் என்பதும் குறிப்பிட வேண்டியது. பறவைகளை வரைந்த கையே தேயிலையையும் நட்டிருக்கிறது.

மதியம் கன்னேரிமுக்கு வரை நடந்தோம். கோவைக் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறி வந்து கட்டிய பங்களா அங்கே அருங்காட்சியகமாக இருக்கிறது. பழைய படங்கள், கருவிகள், ஆவணங்கள். கட்டடம் எளிமையானது, பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ் போன்ற இங்கிலீஷ் காய்கறிகளை இந்த மலையில் பரப்பியவர் அவர் என்பதைப் படித்துவிட்டு வெளியே வந்தோம். மறுநாள் மதியம் அது ஏன் நினைவுக்கு வந்தது என்று பிறகு சொல்கிறேன்.

கொடநாடு காட்சிமுனைக்கு இந்தமுறை போகவில்லை. மாயாறு ஓடும் பள்ளத்தாக்கும், ரங்கசாமி முடியும், கீழே காட்டு நடுவில் தெங்குமரகடா கிராமமும் தெரியும், நல்ல இடம்தான். ஆனால் காட்சிமுனைகளில் என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. பார்த்தாயிற்று, அப்புறம்?

ஞாயிறு காலையில் தோழியின் அண்ணன் லாட்ஜுக்கே வந்துவிட்டார். தோழி கோவையில் இருக்கிறாள். அவளிடம் உதக்கா கதையைப் புலம்பியதன் விளைவு இது. அவர்கள் ஹட்டிக்கு, அதாவது கிராமத்துக்கு, பஸ் உண்டு. நடந்தே போகலாம் என்றேன். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, இடையிடையே சிமெண்ட் படிகள், ஓடைமேல் ஒரு பலகை. படிகள் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். முழங்கால் அவற்றை இன்னும் மறக்கவில்லை.

பாதி வழியில் அண்ணன் கையை நீட்டி எங்களை நிறுத்தினார். தேயிலைச் செடிகளுக்கு மேலே கறுப்பாக ஒரு முதுகு தெரிந்தது. காட்டெருமை. மெதுவாக வெளியே வந்து பாதையில் நின்றது. முழங்காலுக்குக் கீழே நான்கு காலும் வெள்ளை, மேலே எல்லாம் எண்ணெய் தேய்த்த கறுப்பு. எங்களைப் பார்த்து மூச்சுவிட்டது. அந்தச் சத்தம் நன்றாகவே கேட்டது. அண்ணன் எதுவும் பேசவில்லை, நகரவும் இல்லை. அது போகும்வரை நாங்கள் அசையாமல் நின்றோம். அவர் முகத்தில் பயமோ அதிசயமோ இல்லை. ரயில்வே கேட்டில் நிற்கிறவரைப்போல நின்றார். "தினமும் வரும். தேயிலையைத் தின்னாது. அதனால் பிரச்சினை இல்லை" என்றார் அப்புறம். அதையே அவரை, கோஸ் என்று போட்டால் ஒரே ராத்திரியில் காலி செய்துவிடுமாம். மிச்சம் வைத்ததைப் பன்றி பார்த்துக்கொள்ளுமாம்.

ஹட்டியில் வீடுகள் ஒரே வரிசையாக, சுவரோடு சுவர் ஒட்டி, முன்னால் பொதுவான நீள வாசலுடன் இருந்தன. தோழியின் பாட்டி வெள்ளைத் துணி போர்த்தி, தலையில் வெள்ளைத் துண்டு கட்டி வெயிலில் உட்கார்ந்திருந்தார். முன்னால் போய்த் தலையைக் குனியும்படி அண்ணன் சைகை காட்டினார். பாட்டி வலது கையை என் உச்சந்தலையில் வைத்தார். வைத்த கையை எடுக்காமல், மூச்சுவிடாமல், படுகு மொழியில் வாழ்த்திக்கொண்டே போனார். எனக்குப் புரிந்தது கொஞ்சம்தான்; பிள்ளைகுட்டி, ஆடுமாடு, நீண்ட ஆயுள் என்று எல்லாம் அதில் இருந்ததாக அண்ணன் பிறகு சொன்னார். அடுத்து அக்கா மகளுக்கும் அதே நீளத்துக்கு நடந்தது. அவள் தேர்வில் தேற வேண்டும் என்பதையும் சேர்க்கச் சொல்லலாமா என்று என் காதில் கேட்டாள்.

சாப்பாடு அடுப்படியிலேயே. கேழ்வரகுக் களி உருண்டை, அதன் நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி, குழியில் நெய். சுற்றிலும் அவரை உதக்கா. எங்கள் ஊரிலும் களி உண்டு, கீரைக் கடைசலோடு சாப்பிட்டே வளர்ந்தவள்தான் நான். ஆனால் இந்தக் களி இன்னும் இறுக்கமானது, கையில் ஒட்டாது. உதக்கா பார்வைக்கு ஒன்றுமில்லை. பழுப்பு நிறம், தண்ணீராகவும் இல்லை, கெட்டியாகவும் இல்லை. அவரை விதையும் உருளைக்கிழங்கும் குழைந்தும் குழையாமலும் கிடக்கும். ருசி அதன் மசாலாப் பொடியில் இருக்கிறது. வீட்டில் வறுத்து அரைத்தது; மிளகாயும் மல்லியும் தெரிகிறது, அதற்குப் பின்னால் இன்னும் ஏதோ இருக்கிறது. தேங்காய் கிடையாது. நம் குழம்பில் தேங்காய் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பது அது இல்லாதபோதுதான் தெரிகிறது. அவரையின் மணம் நேராக வந்து முகத்தில் அடித்தது. விடுதியில் போசியில் ஆறி வந்தது இதன் கால்வாசிகூட இல்லை.

இதைப் போட்டு ஒரு மெஸ் வைத்தால் கூட்டம் அலைமோதுமே, ஏன் யாரும் வைக்கவில்லை என்று தோழியின் அம்மாவிடம் கேட்டேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு, கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

அவர் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் வீட்டைச் சுற்றிக் கேழ்வரகும் சாமையும் கொஞ்சம் கோதுமையும் விதைத்தார்களாம். உருளைக்கிழங்குதான் காசு. பிறகு வேரில் புழு விழுந்தது. இதை நான் தேடிப் படித்தேன்: நீலகிரி உருளையில் முட்டைக்கூட்டு நூற்புழு 1961-இல் கண்டறியப்பட்டது. ஒருமுறை மண்ணுக்குள் வந்துவிட்டால் பல வருஷம் உயிரோடு கிடக்கும் புழு அது. விளைச்சல் குறையக் குறைய எல்லாரும் தேயிலைக்கு மாறினார்கள். தேயிலைக்கு எருமையும் வராது, பன்றியும் வராது, மாதம் பூராவும் இலை வரும். இப்போது கேழ்வரகு கர்நாடகத்திலிருந்து கடைக்கு வருகிறது, அவரையில் வீட்டுக்கொல்லையில் விளைவது ஒரு பங்கு, மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து ஏறிவருவது மீதி. "பச்சை இலை விற்ற காசில் அவரை வாங்கி, உரித்து, மூன்று மணி நேரம் அடுப்பில் வைத்து, அதை நீங்கள் புரோட்டா விலைக்குத்தானே கேட்பீர்கள்?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. கணக்கு எழுதுகிறவளுக்கு அது சரியான கணக்கு என்று தெரியும்.

பச்சைத் தேயிலை விலை பற்றிய பேச்சு அதோடு நிற்கவில்லை. மலையில் எந்த வீட்டில் உட்கார்ந்தாலும் பத்து நிமிடத்தில் அங்கேதான் வந்து சேரும். எங்கள் ஊரில் நூல் விலை எப்படியோ அப்படி. மாதாமாதம் ஏல விலையை வைத்துத் தேயிலை வாரியம் ஒரு விலை சொல்லும், தொழிற்சாலைக்காரர் தருவது வேறாக இருக்கும் என்று அண்ணன் ஆரம்பித்தார். அம்மா இன்னொரு உருண்டை களியை என் தட்டில் வைத்து அவரை நிறுத்தினார். தட்டில் உருளைக்கிழங்கு மிஞ்சியிருந்தது. சல்லிவன் கொண்டுவந்தது, புழு கொண்டுபோனது, இப்போது சந்தையிலிருந்து வருவது என்று அக்கா மகளிடம் சொன்னேன். அவள், "சித்தி, சாப்பிடும்போது பாடம் எடுக்காதீர்கள்" என்றாள்.

கிளம்பும்போது துப்பதிட்டு ஒரு பொட்டலம், மசாலாப் பொடி ஒரு டப்பா. பொடியின் அளவு கேட்டதற்கு "கைக்கு வருவதுதான்" என்று பதில் வந்தது. வர்க்கிக்காரரின் விரல் அளவு மாதிரிதான் இதுவும். படுகர்கள் வணங்கும் ஹெத்தை அம்மனின் அடுத்த திருவிழாவுக்கு, மார்கழியில், தோழியோடு வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார்கள். அன்றைக்கு ஊர் முழுக்கச் சமைப்பார்களாம். எனக்கு அழைப்பு வந்துவிட்டது. உங்களுக்குப் படுகர் நண்பர்கள் இல்லையென்றால் சீக்கிரம் தேடிக்கொள்ளுங்கள், வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரம். காரில் போனால் இ-பாஸ் மறக்க வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு மாவட்டம் முழுக்கத் தடை, தண்ணீர் போசி கையில் இருக்கட்டும். காட்டுத்தீ அபாயமுள்ள மாதங்களில் மலையேற்றப் பாதைகளை மூடிவிடுவார்கள், தேதி பார்த்துக்கொண்டு பதிவு செய்யுங்கள். வடகிழக்குப் பருவமழை கோத்தகிரிப் பக்கம் பலமாகப் பெய்யும். அந்த மாதங்களில் மண்சரிவுச் செய்தி பார்க்காமல் கிளம்ப வேண்டாம். வர்க்கி வாங்குவதென்றால் இரண்டு பொட்டலமாக வாங்குங்கள், ஒன்றைப் பையின் அடியில் போடுங்கள். மடியில் வைத்திருந்த பொட்டலம் காரமடை தாண்டுவதற்குள் தீர்ந்துபோயிற்று.